கோரிங் பாலத்தின் நடுவில் நின்று

இங்கிலாந்தில் ரெடிங்குக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இடையே, தேம்ஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் கோரிங் என்று ஒரு சிற்றூர். சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். எதிர்க்கரையில் இருப்பது ஸ்ட்ரீட்லி, அதைவிடச் சிறியது. ஆறுதான் எல்லை: கோரிங் ஆக்ஸ்ஃபோர்டுஷயரைச் சேர்ந்தது, ஸ்ட்ரீட்லி பார்க்ஷயரைச் சேர்ந்தது. கடைத்தெருவில் ஒரு காபி, பாலத்தில் ஒரு படம் என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அது இந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். பாலத்தின் நடுவில் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தாலே ஊரின் கதை முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரிந்துவிடும்.

வலப்பக்கம், கோரிங் கரையை ஒட்டி, லாக்: இரு முனையிலும் கதவு வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் படகுகளை ஒரு மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி. இடப்பக்கம் அணைக்கட்டு, இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. நடுவில் தீவு. பாலமே இரண்டு துண்டுகளாக, ஸ்ட்ரீட்லியிலிருந்து தீவுக்கும் தீவிலிருந்து கோரிங்குக்குமாக நிற்கிறது. இன்றைய பாலம் 1923-ல் கட்டியது. அதற்கு முன்னால் இருந்தது 1837-ல் மரத்தில் போட்ட சுங்கப் பாலம். அதற்கும் முன்னால் பாலமே கிடையாது, ஓடம்தான்.

இரு கரையிலும் ஊருக்குப் பின்னால் குன்றுகள் எழும்புகின்றன. கிழக்கே சில்டர்ன் குன்றுகள், மேற்கே பார்க்ஷயர் மேட்டுநிலம். இரண்டும் ஒரே வெண்சுண்ணப் பாறை. நடுவில் அறுத்துக்கொண்டு போனது ஆறு. இந்தக் கணவாய்க்குக் கோரிங் கேப் என்று பெயர். குன்றின் முதுகில் ஈரமில்லாத தரையில் நடந்து வந்த பழங்காலப் பாதைகள் ஆற்றைக் கடக்க இங்கேதான் இறங்கின. ஸ்ட்ரீட்லி என்ற பெயருக்கே பாதையோரத்து வெட்டவெளி என்றுதான் பொருள். 1840-ல் வந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையும் இதே இடுக்கு வழியாகத்தான் நுழைந்தது. குன்றைக் குடைவதை விட ஆற்றுக்குப் பக்கத்தில் போவது எளிது என்று அந்தப் பாதையை வடிவமைத்த பொறியாளர் புரூனலுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு விலையாக, கோரிங்குக்குக் கீழே கேட்ஹாம்ப்டனிலும் மேலே மோல்ஸ்ஃபோர்டிலும் ஆற்றின் குறுக்கே இரண்டு செங்கல் பாலங்களைக் கட்ட வேண்டியிருந்தது.

ஓடத்துறைக் காலத்தின் மிகக் கொடிய நாள் 1674-ல் வந்தது. கோரிங் திருவிழா முடிந்து ஸ்ட்ரீட்லிக்குத் திரும்பியவர்களை ஏற்றிய படகு, அணைக்கட்டின் வாய்க்கு மிக அருகில் போய், இழுப்பில் மாட்டிக் கவிழ்ந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று சுமார் 60 பேர் மூழ்கியதாக அப்போது அச்சான ஒரு துண்டுப் பிரசுரம் சொல்கிறது. அந்த வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் விபத்தின் காரணம் புரியும். அன்றைய அணைக்கட்டில் படகு போவதற்கென்று ஒரு திறப்பு இருக்கும். பலகைகளையும் கம்புகளையும் செருகி அதை அடைத்து வைப்பார்கள். படகு வந்தால் அவற்றை ஒவ்வொன்றாக உருவுவார்கள். தேங்கிய தண்ணீர் பாய்ந்து வெளியேறும். கீழே போகிற படகு அந்தப் பாய்ச்சலோடு சறுக்கிக்கொண்டு இறங்கும். மேலே வருகிற படகைக் கரையில் நட்ட உருளையில் கயிறு சுற்றி, வெள்ளத்துக்கு எதிராக இழுப்பார்கள். பக்கத்திலேயே ஆலைக்காரருக்கு அதே தண்ணீர் வேண்டும். திறந்தால் அவருக்கு நட்டம், திறக்காவிட்டால் படகுக்காரருக்கு நட்டம். 1787-ல் இரு முனையிலும் கதவு வைத்த லாக் வந்த பிறகுதான் இந்த இழுபறி தணிந்தது.

லாக்கைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், காசு கிடையாது. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, சுவர் செங்குத்தாக இறங்குகிறது. வாடகைப் படகில் வருகிறவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தப்பு நடப்பதெல்லாம் ஒரே இரண்டு மூன்று இடத்தில்தான்.

உள்ளே நுழையும்போது வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். படகுக்கு பிரேக் இல்லை, எஞ்சினைப் பின்னோட்டம் போட்டு நிறுத்த நேரம் பிடிக்கும். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, இரண்டுக்கும் ஆள் வேண்டும். கரையிலிருக்கும் குட்டைத் தூணில் கயிற்றை ஒரு சுற்றுப் போட்டு, மறுமுனையைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. இதுதான் முதல் தப்பு. தண்ணீர் இறங்கும்போது படகும் இறங்கும். கயிறு கட்டியிருந்தால் படகு ஒரு பக்கமாகத் தொங்கிக் கவிழப் பார்க்கும். இறங்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், ஏறும்போது தொய்வை இழுத்துக்கொண்டே வர வேண்டும். விரலைக் கயிற்றுக்கும் தூணுக்கும் நடுவில் வைக்காதீர்கள். படகு நின்றதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது தப்பு, இறங்கும்போது பின் கதவை ஒட்டி நிற்பது. மேல்பக்கக் கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு இருக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. வடிய வடிய வெளியே வரும். படகின் பின்பாகம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பாகம் மட்டும் கீழே போகும். படகு மூழ்குவது இப்படித்தான். திட்டு எதுவரை இருக்கிறது என்பதைக் கரையில் குறியிட்டிருப்பார்கள். அதைத் தாண்டி முன்னால் நில்லுங்கள்.

பணியாளர் இருந்தால் கதவையும் மதகையும் அவரே இயக்குவார். மதிய உணவு வேளையிலும், சாயங்காலத்துக்குப் பிறகும், குளிர்காலத்தின் பல நாட்களிலும் அவர் இருக்க மாட்டார். அப்போது நீங்களே இயக்க வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் பொத்தான்கள் வைத்த சின்னப் பெட்டி நிற்கும். எதிர்முனையில் கதவு மூடியிருக்கிறதா, மதகு மூடியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு உங்கள் பக்கத்து மதகைப் பாதி திறந்து, உள்ளே படகுகள் அமைதியாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே முழுக்கத் திறக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் உள்ளே கொந்தளிப்பு வந்து கயிறு கையைப் பிய்த்துக்கொண்டு போகும். இரு பக்கமும் தண்ணீர் சமமானால்தான் கதவு திறக்கும். அதற்கு முன்னால் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. வெளியேறியதும் கதவை மூடி, மதகையும் மூடிவிட்டுப் போவது அடுத்து வருகிறவருக்குச் செய்யும் மரியாதை.

ஆற்றில் இறங்கலாமா கூடாதா என்பதை லாக்கில் தொங்கும் பலகை சொல்லிவிடும். சிவப்புப் பலகை என்றால் நீரோட்டம் பலமாக இருக்கிறது, எந்தப் படகும் போகாமலிருப்பதே நல்லது. மஞ்சள் பலகை என்றால் ஓட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது. துடுப்புப் படகுக்காரர்கள் இறங்கக் கூடாது, எஞ்சின் படகுக்காரர்கள் பத்திரமான இடம் பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வானம் நீலமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேலே பெய்த மழை இங்கே வந்து சேர நாள் பிடிக்கும். கயாக், நின்றபடி துடுப்புப் போடும் காற்று நிரப்பிய மிதவைப் பலகை ஆகியவற்றுக்கும் தேம்ஸில் பதிவு வேண்டும். துடுப்புச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் அதிலேயே அடங்கிவிடும். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது கரையில் ஒருவர் விறுவிறுவென்று நடக்கும் வேகம்தான்.

கோரிங்குக்கு மேலே அடுத்த லாக் கிளீவ். கடல் ஏற்றவற்றம் எட்டாத தேம்ஸில் இரண்டு லாக்குகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் இதுதான். கிளீவுக்கு மேலே பென்சன் லாக்வரை ஆறரை மைல், மிக நீண்ட தூரம். ஆகவே கயிற்றைச் சுருட்டி வைக்கும் முன்பே அடுத்த லாக் வந்துவிடும், அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமே வராது. சமையல், சாப்பாட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் நடந்தால் சுவர்களைப் பாருங்கள். செங்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்து கட்டியவை. இந்தக் கல் வெண்சுண்ணப் பாறைக்குள் கட்டி கட்டியாக விளைவது, உழும்போது வயலிலேயே கிடைக்கும். வெளியே வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அந்த உடைத்த முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்கள். உருண்டைக் கல்லால் மூலை எடுக்க முடியாது, அதனால் மூலைகளுக்கும் சன்னல் ஓரங்களுக்கும் செங்கல். பூச்சு சுண்ணாம்புச் சாந்து. இந்தச் சுவரில் சிமென்ட் பூசிப் பழுது பார்ப்பதுதான் பழைய வீட்டை வாங்குகிறவர்கள் செய்கிற பெரிய பிழை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே மாட்டிய ஈரம் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லைச் சுவரிலிருந்து தள்ளிவிடும்.

ஆற்றோரத்துத் தேவாலயம் நார்மன் காலத்தது. கேன்டர்பரியின் புனித தாமஸின் பெயரைத் தாங்கியது. ஒரு காலத்தில் அகஸ்டின் சபைக் கன்னியர் மடம் இதை ஒட்டி இருந்தது. உள்ளே 1290-ஐ ஒட்டி வார்த்த ஒரு மணி இருக்கிறது, இங்கிலாந்தின் மிகப் பழைய மணிகளில் ஒன்று. தேவாலயத்தையும் ஆற்றோர ஆலையையும் சேர்த்து ஓவியர் டர்னர் வரைந்திருக்கிறார். பாடகர் ஜார்ஜ் மைக்கேல் 2016 கிறிஸ்துமஸ் அன்று இறந்தது இந்த ஊரிலுள்ள தம் வீட்டில்தான். ரசிகர்கள் இன்றும் தேடி வருகிறார்கள். அது குடியிருப்புத் தெரு, வாசலில் கூட்டம் கூடாமல் கடந்து போவதே முறை.

அன்றாட வசதிகள் எல்லாம் கோரிங் பக்கம்தான்: மளிகை, மருந்துக் கடை, மருத்துவர், நூலகம், பப்புகள், காபிக் கடை. ஸ்ட்ரீட்லியில் ஆற்றோர ஓட்டல், ஒரு பழைய பப், இளைஞர் விடுதி உண்டு. நடைக்கு வேண்டிய தண்ணீரையும் தின்பண்டத்தையும் பாலம் கடக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். காரை நிறுத்த வீல் ஆர்ச்சர்ட் நிறுத்தம் இருக்கிறது, பொதுக் கழிப்பறையும் அங்கேதான். வெயில் அடிக்கும் ஞாயிறன்று காலை பத்து மணிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது.

ரயிலில் வருவதுதான் சிறந்தது. நிலையத்திலிருந்து பாலம் பத்து நிமிட நடை. ரெடிங்கில் மாறினால் டைல்ஹர்ஸ்ட், பாங்போர்ன், அடுத்தது இது. டிக்கெட் எடுக்கும்போது பெயரை முழுசாக, கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி என்று சொல்லி எடுங்கள். சசெக்ஸ் கடற்கரையில் கோரிங் பை சீ என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. அவசரத்தில் கைபேசியில் அதைத் தட்டிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. லண்டனிலிருந்து வங்கி அட்டையைத் தட்டிக்கொண்டு வந்தாலும் ரெடிங்குக்கு மேல் தனி டிக்கெட் வைத்திருப்பதே பத்திரம்.

நடைக்கு வருகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது வரைபடம். இரண்டு தேசிய நடைபாதைகள் இந்தப் பாலத்தில் சந்திக்கின்றன: 184 மைல் தேம்ஸ் பாதையும் 87 மைல் ரிட்ஜ்வேயும். கோரிங்குக்கு மேலே தேம்ஸ் பாதை ஸ்ட்ரீட்லிக் கரையில் போகிறது, ரிட்ஜ்வே கோரிங் கரையில் சவுத் ஸ்டோக் வழியாகப் போகிறது. ஆற்றின் இரு பக்கமும் பாதை இருப்பதைப் பார்த்ததும், ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பலாம் என்று தோன்றும். போக முடியும், ஆனால் வாலிங்ஃபோர்டு போகிறவரை நடுவில் கடக்க வழியில்லை. மோல்ஸ்ஃபோர்டு ரயில் பாலத்தில் நடைபாதை கிடையாது. பழைய ஓடங்கள் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. இரண்டு மணி நேர உலாவாக நினைத்துக் கிளம்பினால் முழு நாள் நடையாகிவிடும்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் கீழ்ப்பக்கம் போங்கள். கோரிங்கிலிருந்து பாங்போர்ன்வரை சுமார் 7 கிலோமீட்டர். முதலில் சமதரையில் ஆற்றோரம். கேட்ஹாம்ப்டன் பாலத்துக்கு அடியில் போகும்போது அண்ணாந்து பாருங்கள். 1890-களில் தண்டவாளத்தை இரண்டிலிருந்து நான்காக்கியபோது பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டிக் கட்டிய கோடு செங்கல்லில் தெரியும். அதற்கப்புறம் பாதை ஹார்ட்ஸ்லாக் காட்டுக்குள் ஏறுகிறது. ஒரு பக்கம் சரிவு, கீழே ஆறு, மழைக்குப் பிறகு சுண்ண மண் சோப்பு மாதிரி வழுக்கும். பிடிப்புள்ள காலணி இல்லாமல் போகாதீர்கள். இங்கே மே மாதக் கடைசியில் மிக அபூர்வமான குரங்கு ஆர்க்கிட் பூக்கிறது. பூவின் இதழ் கையும் காலும் வாலுமாகச் சின்னக் குரங்கு தொங்குவது போலவே இருக்கும். படம் எடுக்க உட்காரும்போதுதான் பக்கத்திலிருக்கும் பூக்காத செடிகள் நசுங்குகின்றன. பாதையை விட்டு இறங்காமல் எடுங்கள். கடைசியில் விட்சர்ச் ஊர் வழியாக இறங்கி, 1792 முதல் சுங்கம் வாங்கிவரும் பாலத்தைக் கடந்தால் பாங்போர்ன் நிலையம். வண்டிக்குத்தான் சுங்கம், நடந்து போகிறவர்களுக்கு இல்லை. ரயிலில் ஒரே நிறுத்தம், திரும்ப கோரிங்.

உயரத்திலிருந்து கணவாயைப் பார்க்க ஸ்ட்ரீட்லிக்கு மேலேயுள்ள லார்டன் சேஸ் குன்றுக்குப் போங்கள். ஏற்றம் செங்குத்து, மூச்சு வாங்கும்; பார்வைக்காகவே ஏறலாம்.

குடிவரும் எண்ணத்தில் வருகிறவர்கள் வெள்ளத்தைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். ஆறு பொங்கி வருவது ஒன்று. 1894, 1947, 2003, 2014 ஆகியவை தேம்ஸ் கரைக்காரர்கள் மறக்காத ஆண்டுகள். இன்னொன்று நிலத்தடி நீர். குளிர்கால மழையைச் சுண்ணப்பாறை பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிறைந்த பிறகு, மழை நின்று பல வாரம் கழித்துக்கூட நிலவறைத் தரை வழியாக ஊறி வரும். வாசலில் மணல் மூட்டை அடுக்குவதால் இதைத் தடுக்க முடியாது. ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சுற்றுவட்டாரத்தில் இந்தியாவோடு தொடர்புள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது பாசில்டன் பார்க், ஸ்ட்ரீட்லிப் பக்கம் மூன்று மைல். கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, வங்காளத்தில் காசிம்பஜாரிலும் முர்ஷிதாபாதிலும் அதிகாரம் செலுத்திப் பெரும்பணம் சேர்த்த ஃபிரான்சிஸ் சைக்ஸ் கட்டிய மாளிகை. வங்காளத்தின் பெரும் பஞ்சம் 1770-ல். சைக்ஸ் இந்த எஸ்டேட்டை வாங்கியது 1771-ல். மாளிகைக் கட்டட வேலை 1776-ல் தொடங்கியது. தேன்நிறக் கல்லில் எழுந்து நிற்கும் முகப்பை இந்த மூன்று ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இப்போது பழைய மாளிகைகளையும் நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் வெறும் பாசில்டன் என்று போட்டால் எசெக்ஸிலுள்ள நகரத்துக்குக் கொண்டு போய்விடும். ஏ329 சாலையில் வண்டிகள் வேகமாக வரும், அந்த வழியாக நடக்காதீர்கள்.

இரண்டாவது, கோரிங்குக்குக் கிழக்கே சில்டர்ன் மேட்டிலுள்ள ஸ்டோக் ரோ. காரில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆற்றோரத்தில் தண்ணீர் வழிகிறது. சில மைல் தள்ளி மேட்டில், அதே சுண்ணப்பாறை மழையையெல்லாம் உறிஞ்சி ஆழத்துக்கு இறக்கிவிடுவதால், கோடையில் குட்டைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரரான எட்வர்ட் ரீட் இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். 1831-ல் ஆஸம்கரில் ஒரு கிணறு வெட்டுவித்தவர். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் தம் ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தை, வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக அடிவாங்கிய ஒரு சிறுவனைப் பற்றி, அவர் சொல்லியிருந்தார். மகாராஜா அதை மறக்கவில்லை. நன்றிக்கடனாகக் கிணறு வெட்டப் பணம் தந்தார்.

ஆழம் 368 அடி. விட்டம் வெறும் 4 அடி. முழுக்கக் கையால், ஓர் ஆள் குனிந்து நிமிர இடமில்லாத துளைக்குள் வெட்டி, செங்கல் அடுக்கி இறக்கியது. 1863-ல் தொடங்கி 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்த நாளன்று திறந்தார்கள். தண்ணீர் எல்லோருக்கும் இலவசம். பராமரிப்புச் செலவுக்கு வருமானம் வர வேண்டும் என்று பக்கத்தில் செர்ரித் தோப்பு வைத்து, காவலாளிக்கு ஒரு சின்ன வீடும் கட்டிக் கொடுத்தார்கள். கிணற்றை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகாமல், அது தூர்ந்துபோகாதிருக்கவும் வழி பண்ணியது இந்தக் கொடையின் மேன்மை என்று நினைக்கிறேன். குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊருக்கு அதுதான் ஆதாரம்.

சாலையோரத்திலேயே குவிமாடத்தோடு நிற்கிறது. நேரே கீழே பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கிணற்று வாய்க்கு மேலே, தண்ணீர் இறைக்கும் பல்சக்கரங்களுக்கு உச்சியில், பொன்வண்ணத்தில் ஒரு யானை நிற்கிறது. பின்பக்கத் தோப்புக்குள் போய் உட்காரலாம். அதற்கு வைத்த பெயர் ஈஸ்வரி பாக்.